தேற்றும் சொல் யாருக்காக?

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களைத் தாமிரபரணிக் கரையில் வாழும் நாம் எளிதில் மறந்துவிட மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. ஆறு இரு கரைகளையும் மீறிப் பெருகியது. திருநெல்வேலியின் தாழ்வான தெருக்களிலும், திருவைகுண்டம், ஏரல் பகுதிகளிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. நீர் வடிந்த பின்னர்ச் சேறும், ஊறிப்போன நெல்லும், உருக்குலைந்த தட்டுமுட்டுப் பொருள்களுமே பலருக்கு எஞ்சின.

அந்நாள்களில் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த சிலர் ஆற்றோரத் தெரு ஒன்றுக்குச் சென்றோம். அரிசி, போர்வை ஆகியவற்றோடு திருவிவிலியத்தையும் எடுத்துச் சென்றிருந்தோம். துயருற்றோருக்கு ஆறுதலாக வாசிக்க ஒரு பகுதியை முன்னரே குறித்தும் வைத்திருந்தோம். முதல் வீட்டு வாசலில், தனியே வாழும் ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். நூலைத் திறந்ததும் அவர் கையமர்த்தினார். "வசனம் எங்கேயும் போயிராது தம்பி. மொதல்ல இந்தக் கட்டிலோட தலைமாட்டைக் கொஞ்சம் பிடிங்க" என்றார்.

கட்டிலைத் தூக்கி வெளியே வைத்தோம். சேற்றை வாரிக் கொட்டினோம். வேலை ஒருவாறு முடிந்ததும் அவரே, "இப்போ வாசிங்க" என்றார். குறித்து வைத்திருந்த பகுதியை வாசிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. இழந்தவை யாவும் பெருகித் திரும்பும் என்னும் பொருளில் அமைந்த பகுதி அது. அதை விடுத்து 69-ஆம் திருப்பாடலை வாசித்தோம். கழுத்துவரை ஏறிவிட்ட வெள்ளத்தையும், கால் ஊன்ற இடமில்லாத சேற்றையும் சொல்லி இறைவனை நோக்கிக் கதறும் பாடல் அது. மூதாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இதை எழுதுனவன் வீட்டுக்குள்ளயும் வெள்ளம் வந்திருக்கும் போல" என்றார். அதோடு நிற்கவில்லை. "அடுத்த வீட்டுக்காரி ரெண்டு நாளா வெளியவே வரலை. அங்கேயும் போய் இதையே வாசிங்க. இருங்க, நானும் வாரேன்" என்று எங்களுக்கு முன்னால் நடந்தார்.

அன்று முதல் ஒரு கேள்வி எங்களை விட்டு அகலவில்லை. மறைநூல் நமக்கு ஊக்கம் தருகிறது என்று நாம் அடிக்கடி கூறுகிறோம். அந்த ஊக்கம் எத்தகையது? அது யாருக்காகத் தரப்படுகிறது? இவ்விரு கேள்விகளையும் வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

வசனமும் வாக்குறுதியும்

புத்தாண்டு நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் தட்டிலிருந்து ஒரு வசனச் சீட்டை எடுத்து வருவது இன்று பல பங்குகளில் வழக்கமாகிவிட்டது. அச்சீட்டு ஆண்டு முழுவதும் வீட்டுச் சுவரிலோ பணப்பையிலோ இருக்கும். இவ்வழக்கத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஒரு சொல்லாவது நம்மோடு தங்குவது நன்றே. ஆயினும், அவ்வாறு விரும்பி எடுக்கப்படும் வசனங்கள் எவ்விடத்திலிருந்து வருகின்றன என்பதைச் சற்றே நோக்குவோம்.

ஆண்டவர் நம்மைக் குறித்து வகுத்துள்ள திட்டங்கள் நல்வாழ்வுக்கானவை என்னும் எரேமியாவின் வாக்கு (எரே 29:11) நம் இல்லங்களில் மிகுதியாகக் காணப்படுவது. அது பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டோருக்கு எழுதப்பட்ட மடலின் ஒரு பகுதி. அதற்கு முந்திய வசனமே, விடுதலைக்கு எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறது. அம்மடலை வாசிக்கக் கேட்டவர்களுள் பலர் அவ்விடுதலையைக் கண்ணால் காணாமலே மறைந்திருப்பர். அதே மடல், தங்களைச் சிறைப்பிடித்த நகரின் நலனுக்காக உழைக்கவும் மன்றாடவும் அவர்களைப் பணிக்கிறது (29:7). எல்லாவற்றையும் செய்ய ஆற்றலுண்டு என்று பவுலடியார் கூறுவதும் (பிலி 4:13) விலங்கு பூண்ட நிலையில்தான். வயிறு நிறைந்திருக்கவும் பசித்திருக்கவும் பழகிக்கொண்டேன் என்பது அதற்கு முந்திய வசனத்தின் கருத்து.

இன்னொன்றையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். பாலை நிலத்தில் இயேசுவைச் சோதித்தவன் மறைநூலைக் கொண்டே சோதித்தான். கால் கல்லில் மோதாதபடி வானதூதர் தாங்குவர் என்னும் திருப்பாடல் வாக்குறுதியை அவன் எடுத்துக்காட்டினான் (மத் 4:6). அவன் காட்டிய வசனம் உண்மையானது. அதை அவன் பயன்படுத்திய முறையே பொய்யானது. தன் பாதுகாப்புக்கு மட்டும் உரிய பத்திரமாக இறைவார்த்தையைக் கையில் எடுக்க ஆண்டவர் மறுத்துவிட்டார்.

சிறைப்பட்டவர் சொன்ன கதை

மறைநூலின் ஊக்கம் எத்தகையது என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் அமைந்துள்ளது வடக்கன்குளம். 1745-ஆம் ஆண்டு மே 14 அன்று, திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிவந்த நீலகண்டன் என்பவர் அங்கே திருமுழுக்குப் பெற்றார். வழங்கியவர், மக்கள் பரஞ்சோதிநாதர் என்று அழைத்த சேசு சபைத் துறவி புத்தாரி அடிகளார். இலாசர் என்னும் விவிலியப் பெயரின் பொருளைத் தமிழாக்கி, தேவசகாயம் என்ற பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது.

அவரை அங்கே அனுப்பி வைத்தவர் தெ லன்னோய். டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் படையில் பணியாற்றிய அவர், 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் சிறைப்பட்டவர். பின்னர் அதே அரசரின் படைக்குப் பயிற்சி அளித்துத் தளபதியாக உயர்ந்தவர். நீலகண்டன் அவரோடு நட்புப் பூண்டிருந்தார். கால்நடைகளையும் விளைச்சலையும் இழந்து குடும்பம் நிலைகுலைந்திருந்த வேளையில், அவருடைய வாட்டத்தைக் கண்ட தெ லன்னோய் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார் என்று அவர் வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

இக்காட்சியை நாம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். நம் கையில் இருப்பது போன்ற முழுமையான திருவிவிலியம் தமிழ்க் கத்தோலிக்கரிடம் இல்லாத காலம் அது. நீலகண்டன் யோபு நூலை வாசிக்கவில்லை. ஒரு மனிதர் வாயிலாகக் கேட்டார். சொன்னவரோ தாய்நாட்டையும் விடுதலையையும் இழந்து, அயல்மண்ணில் வாழ்ந்துகொண்டிருந்தவர். இழப்பின் சுவையை அறிந்த ஒருவர், இழந்து நிற்கும் இன்னொருவருக்கு, எல்லாவற்றையும் இழந்த மூன்றாமவரின் கதையைச் சொன்னார். அதனால்தான் அச்சொல் உள்ளத்தில் இறங்கியது என்று கருத இடமுண்டு.

யோபு நூலும் இதையே உணர்த்துகிறது. துயரச் செய்தி கேட்டு வந்த மூன்று நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தனர் (யோபு 2:13). அவர்கள் செய்ததிலேயே சிறந்தது அதுதான். வாய் திறந்த பின்னரோ, மாசற்றவன் அழிவதில்லை, நீ பாவம் செய்திருப்பாய் என்று விளக்கத் தொடங்கினர். அவர்கள் கூறியவற்றுள் பல, தனியே எடுத்து அச்சிட்டால் நல்ல பக்தி வசனங்களாகவே தோன்றும். ஆயினும் அவர்கள் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று இறைவன் சினந்தார் (42:7). இறைவனோடு வழக்காடிய யோபுவையே அவர் ஏற்றுக்கொண்டார். யோபு அந்த நண்பர்களுக்காக மன்றாடியபோதே அவருடைய வளங்களை ஆண்டவர் மீண்டும் அளித்தார் என்றும் நூல் கூறுகிறது (42:10).

தேவசகாயத்தின் வாழ்வில் அந்த இறுதி அதிகாரம் இவ்வுலகில் எழுதப்படவில்லை. யோபுவின் கதை கேட்டு மனம் மாறியவருக்கு ஆடுமாடுகள் இரட்டிப்பாகத் திரும்பவில்லை. எல்லாச் சாதி மக்களோடும் சமமாகப் பழகி உறவாடியது அவருக்குப் பகையைத் தேடித் தந்தது. 1749-இல் அவர் சிறைப்பட்டார். எருமையின் மீது பின்புறம் நோக்கி அமர்த்தப்பட்டு ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். 1752-ஆம் ஆண்டு சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகவே அவர் பெற்ற ஊக்கம் இழப்பை ஈடுசெய்யும் வாக்குறுதியாக இருந்திருக்க முடியாது. இழப்பிலும் இறைவன் கைவிடவில்லை என்னும் உறுதியும், அந்த உறுதியால் பிறரை அணைத்துக்கொள்ளும் துணிவுமே அவருக்கு வாய்த்தன. 2022-ஆம் ஆண்டு மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, சாதிப் பட்டம் ஏதுமின்றித் தேவசகாயம் என்ற பெயராலேயே திருச்சபை அவரை அழைத்தது.

ஒரே பீடம், இரு கூடங்கள்

இவ்வளவு நேரமும் நாம் பெருமையோடு பேசினோம். அதே வடக்கன்குளம் நம்மைத் தலைகுனியவும் செய்கிறது.

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்று ஒரு நூற்றாண்டு கடந்த பின், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அவ்வூரில் ஒரு புதிய கோவில் எழுந்தது. ஒரே பீடம், அதை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்கள். ஒரு கூடம் ஒரு சாதியினருக்கு, மற்றொன்று பிறருக்கு. நடுவே ஒரு தடுப்புச் சுவர். 1910-இல், கௌசானல் அடிகளாரின் காலத்தில், அச்சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. பிரிவினையை உரிமை எனக் கோரியவர்கள் தோற்றனர்.

அச்சுவர் நின்ற ஆண்டுகளில் இருபுறமும் மக்கள் முழந்தாளிட்டனர். ஒரே மறையுரையை இருபுறமும் கேட்டனர். தவக்காலத்தில் ஒரே ஆண்டவரின் பாடுகளை இருபுறமும் தியானித்துக் கண்ணீர் விட்டனர். அக்கண்ணீர் போலியானது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்கள் இறைவார்த்தையால் ஆறுதல் அடைந்தே வீடு திரும்பியிருப்பர். ஆனால் அந்த ஆறுதல் சுவரைக் கடக்கவில்லை. இதுவே நம்மை அச்சுறுத்தும் உண்மை. மறைநூலால் ஒருவர் மனம் உருகவும் கூடும். அதே வேளையில் அடுத்தவரைத் தள்ளி நிறுத்தவும் கூடும்.

சுவர் இடிந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்று நாம் நிம்மதி அடைய வேண்டாம். 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. சாதிப் பாகுபாடு திருச்சபைக்குள்ளும் நிலவுவதை அந்த ஆவணம் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டது. கல்லால் ஆன சுவரை ஆள் வைத்து இடித்துவிடலாம். திருமணப் பேச்சிலும், திருவிழாவின் முதல் மரியாதையிலும், கல்லறைத் தோட்டத்திலும் எழுப்பிய சுவர்களை யார் இடிப்பது?

பவுலடியார் காட்டும் வழி

மறைநூலின் ஊக்கத்தைப் பற்றிப் பேசும் எவரும் எடுத்துக்காட்டும் வசனம் உரோமையர் 15:4. முற்காலத்தில் எழுதப்பட்டவை யாவும் நமக்குப் படிப்பினையாகவே எழுதப்பட்டன. அவை தரும் மன உறுதியினாலும் ஊக்கத்தினாலும் நாம் எதிர்நோக்கு உடையவராக இருக்கிறோம் என்பது அதன் கருத்து. அதனை நாம் தனியே எடுத்து வாசிப்பதே வழக்கம். பவுலடியாரோ அதனைத் தனியே எழுதவில்லை. வலுவுற்றவர்கள் வலுவற்றவர்களின் குறைகளைத் தாங்கிக்கொள்ள வேண்டும், தமக்கே உகந்ததைத் தேடலாகாது என்று அதிகாரத்தைத் தொடங்குகிறார் (15:1). ஊக்கம் தரும் கடவுள் உங்களுக்குள் ஒருமனப்பாட்டை அருள்வாராக என்று அடுத்த வசனத்தில் வேண்டுகிறார் (15:5). கிறிஸ்து உங்களை ஏற்றுக்கொண்டது போல ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அதை முடிக்கிறார் (15:7). எந்த உணவை உண்பது, எதைத் தவிர்ப்பது என்று பிளவுபட்டு, ஒருவரையொருவர் இழிவாகக் கருதிய சபைக்கு எழுதப்பட்ட சொற்கள் இவை. அடுத்தவரைச் சுமக்க முடியாமல் சலிப்புறுவோர்க்கே இவ்வசனம் ஊக்கம் அளிக்கிறது.

கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலில் அவர் இன்னும் தெளிவாகப் பேசுகிறார். கடவுள் நம் இன்னல்களில் நமக்கு ஆறுதல் அளிக்கிறார்; அந்த ஆறுதலைக் கொண்டே இன்னலுறும் பிறரை நாம் தேற்றக்கூடும் என்பதற்காக (2 கொரி 1:4). எம்மாவு சீடர்களையும் நினைத்துப் பாருங்கள். வழியில் மறைநூல் விளக்கப்பட்டபோது அவர்கள் உள்ளம் பற்றியெரிந்தது. ஆயினும் கண்கள் திறக்கவில்லை. வழிப்போக்கர் ஒருவரைத் தங்களோடு தங்குமாறு வற்புறுத்தி அழைத்து, அவரோடு பந்தியமர்ந்தபோதே கண்கள் திறந்தன. அந்த இரவிலேயே எருசலேமுக்கு மற்றவர்களிடம் திரும்பினார்கள் (லூக் 24:29-33).

இங்கே ஓர் ஐயம் எழலாம். மருத்துவமனைப் படுக்கையில் தனியே கிடக்கும் ஒருவர், பொழுது விடியும்வரை ஒரு திருப்பாடலை மட்டும் பற்றிக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய், நீ பெற்ற ஆறுதலைப் பிறருக்குக் கொடுத்தாயா என்று கேட்பது கொடுமை அல்லவா? ஆம், கொடுமையே. சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்ட எலியாவிடம் வானதூதர் முதலில் எதையும் கேட்கவில்லை. அப்பத்தையும் தண்ணீரையும் வைத்து, உண்ணச் சொல்லி எழுப்பினார். மீண்டும் உறங்கவும் விட்டார் (1 அர 19:5-7). வந்த வழியே திரும்பிச் செல் என்ற பணி, பின்னரே, ஓரேபு மலையில்தான் வந்தது. ஆறுதல் பெறும் காலம் ஒருவருக்கு எவ்வளவு நீண்டது என்பதை இறைவனே அறிவார். நம் கேள்வி நோயுற்றோரை நோக்கியதன்று. நலமாக இருந்துகொண்டு, நாள்தோறும் மறைநூலால் மனநிறைவு பெற்று, அதை அம்மனநிறைவோடு மூடிவைத்துவிடும் நம்மை நோக்கியது.

தலைமடையும் கடைமடையும்

நம் முன்னோர் இந்த ஆற்றைக் கையாண்ட விதம் நமக்குப் பாடமாகலாம். கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. இவை நீரைத் தடுத்து நிறுத்துவது, அதைக் கால்வாய்களில் திருப்பிவிடுவதற்காகவே. தலைமடை வயலுக்குத் தண்ணீர் முதலில் வருகிறது. அது அவ்வயலின் பேறு. தேவைக்கு மேல் தேக்கிக்கொண்டால் அங்கே பயிர் அழுகும். கடைமடையில் பயிர் கருகும். ஒரே நீர் ஓரிடத்தில் மிகுதியாலும் மற்றோரிடத்தில் இன்மையாலும் கெடுதல் விளைவிக்கும். மடையைத் திறந்துவிடுவது கடைமடைக்காரருக்குச் செய்யும் தருமம் மட்டுமன்று. தலைமடைக்காரரின் பயிரையும் காப்பது அதுவே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டு நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, மறைநூல் எல்லா இறைமக்களுக்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. பிற சபையினரோடு இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995-இல் நம் கைக்கு வந்தது. ஆண்டின் பொதுக்காலம் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் ஏற்படுத்தினார். தேவசகாயத்துக்கு வாய்க்காத பேறு நமக்கு வாய்த்திருக்கிறது. அவரோ ஒரே ஒரு கதையைக் கேட்டு வாழ்நாள் முழுவதும் அதைச் செலவிட்டார். நாம் தலைமடையில் இருக்கிறோம்.

ஆதலால் நாம் ஒரு சிறு பழக்கத்தை மேற்கொள்ளலாம். நாள்தோறும் மறைநூலை வாசித்து மூடும் முன், இன்று இச்சொல் யாரிடம் போகவேண்டும் என்று கேட்டுக்கொள்வோம். பெயர் ஒன்று நினைவுக்கு வரும். ஆண்டுக்கணக்கில் பேசாத உடன்பிறப்பாக இருக்கலாம். அன்பியக் கூட்டத்துக்கு யாரும் அழைக்காத தெருவாக இருக்கலாம். வசனத்தைச் சொல்ல வேண்டும் என்பதில்லை. பல வேளைகளில் கட்டிலின் தலைமாட்டைப் பிடிப்பதே போதுமானது. 2023 வெள்ளத்தில் திருவைகுண்டம் நிலையத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு தொடர்வண்டி ஒன்று சிக்கி நின்றது. தங்கள் பாட்டையும் மறந்து அவர்களுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்தனர் அக்கம்பக்க ஊரார். நல்ல சமாரியர் உவமையை அவர்களுள் எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ, நாம் அறியோம். கேட்டிருக்கும் நாம் என்ன செய்கிறோம் என்பதையே ஆண்டவர் நம்மிடம் கேட்பார்.

அன்று அந்த மூதாட்டியோடு அடுத்த வீட்டுக்குச் சென்றோம். கதவு உடனே திறக்கவில்லை. அவர் வெளியே நின்றபடி, "ஏ மக்கா, நான்தான்" என்று மும்முறை அழைத்தார். கதவு திறந்தது. மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்த அப்பெண்ணின் அருகில், ஈரத் தரையிலேயே அவரும் அமர்ந்துகொண்டார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு எங்களை நிமிர்ந்து பார்த்து, "இப்போ வாசிங்க" என்றார்.